குடியேற்ற நாட்டு விடுதியில் ஒரு கறுப்புக் கலைஞன்: பியானோ இசைஞர் டெடி வெதர்போர்ட் (1903–1945) பற்றிய சமூகவியல் நோக்கு

1

கலையின் ஊற்றுக்கண்ணை உழைப்பிலே தேடும் ஆய்வுநெறி ஈழத்துத் தமிழ் ஆய்வுலகுக்குப் புதியதன்று. கரவெட்டியிற் பிறந்த பேராசிரியர் கா. சிவத்தம்பி (1932–2011) பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் தொம்சனின் வழிகாட்டலிலே பண்டைத் தமிழ்ச் சமூகத்தின் நாடகத்தை ஆராய்ந்து 1970இற் கலாநிதிப் பட்டம் பெற்றார். அதற்குச் சில ஆண்டுகள் முன்னர் க. கைலாசபதி அதே அறிஞரின்கீழ்த் தமிழ் வீரயுகப் பாடல்களை ஆராய்ந்திருந்தார். கூட்டு உழைப்பின் அசைவிலிருந்தே தாளமும், தாளத்திலிருந்து பாட்டும் ஆட்டமும் பிறந்தன என்பது தொம்சன் வலியுறுத்திய கருத்தாகும். வடமராட்சிக் கரையிலே கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாடலைக் கேட்டவர்க்கு இக்கருத்தை விளக்க வேண்டியதில்லை. ஒருவர் எடுத்துக்கொடுக்க, மற்றவர் ஏற்றுப்பாட, பாட்டோடு வலையும் கரையேறுகிறது.

ஆனால் பாட்டு உழைப்பினின்றும் பிரிந்து, தானே ஒரு விற்பனைப் பண்டமாகிவிட்ட சமூகத்தில் இவ்வுறவு எவ்வாறு அமைகிறது? கலைஞனே கூலிக்கு அமர்த்தப்படும் தொழிலாளியாகும்போது, அவன் எங்கே வாசிப்பான், யாருக்கு வாசிப்பான், வரலாற்றில் எவ்வாறு நினைவுகூரப்படுவான் என்பவற்றைத் தீர்மானிப்பன எவை? இவ்வினாக்களுக்கு விடைகாண ஒரு தனிமனித வாழ்க்கையை எடுத்து ஆராய்வது பயனுடையது. அமெரிக்காவின் சுரங்கப் பிரதேசத்திற் பிறந்து, சிக்காகோவிலே பெயர்பெற்று, ஷாங்காய், பம்பாய் ஆகிய நகரங்களில் வாசித்து, 1945இற் கல்கத்தாவிலே வாந்திபேதியால் இறந்த கறுப்பினப் பியானோ இசைஞர் டெடி வெதர்போர்ட்டின் வாழ்க்கை அத்தகையது. ஜாஸ் வரலாற்று நூல்களில் அவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஓரிரு பந்திகளே. நாடோடி மனம் படைத்த ஒருவர் தாமாகவே விலகிச் சென்று மறக்கப்பட்டார் என்பதே வழக்கமான விளக்கம். அவர் சென்ற வழியை நுணுகி நோக்குமிடத்து, அது மூலதனமும் பேரரசும் கலைத் தொழிலாளரை நகர்த்திய வழியாகவே காணப்படுகிறது. அவர் மறக்கப்பட்டமைக்கான காரணமும் அவ்வழியிலேயே உண்டு.

2

வெதர்போர்ட் 1903 ஒக்டோபர் 11இல் வேர்ஜீனியா மாநிலத்தின் பொக்கஹொன்ரஸ் என்னும் ஊரிற் பிறந்து, அயலிலுள்ள புளூபீல்ட் நகரில் வளர்ந்தார். இரண்டும் நிலக்கரியால் உருவான ஊர்கள். பொக்கஹொன்ரஸ் சுரங்கம் 1880களின் தொடக்கத்திலே திறக்கப்பட்டது. 1884இல் அங்கு நிகழ்ந்த வெடிவிபத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தொழிலாளர் மாண்டனர். அடிமைமுறை 1865இல் ஒழிக்கப்பட்டபோதும் நிலம் கறுப்பின மக்களின் கைக்கு வரவில்லை. பருத்தித் தோட்டங்களிற் குத்தகைக் கடனுக்குள் அகப்பட்டிருந்தோரிற் பலர் சுரங்கத்துக்கும் புகையிரதப் பாதை அமைக்கும் வேலைக்கும் வந்துசேர்ந்தனர். நிலத்தோடு கட்டுண்ட உழைப்பு கூலி உழைப்பாக மாறிய இக்கட்டமே ப்ளூஸ் இசை தோன்றிய கட்டமுமாகும். வயலிலும் பாதை வேலையிலும் கூட்டமாகப் பாடப்பட்ட பாடல் இங்கு தனியொருவனின் பாடலாகிறது. ஒரு வரியைப் பாடி, அதையே மீட்டும் பாடி, மூன்றாம் வரியிலே முடிக்கும் எளிய அமைப்பிலே, வேலையும் வீடும் ஊரும் நிலையற்றுப்போன மனிதனின் குரல் ஒலிக்கிறது. முன்னர் ஏற்றுப்பாடிய கூட்டத்தின் இடத்தை இப்பொழுது கையிலுள்ள வாத்தியம் எடுத்துக்கொண்டது. அமிரி பராக்கா 1963இல் எழுதிய ப்ளூஸ் பற்றிய நூலில், கறுப்பின மக்களின் இசையில் ஏற்பட்ட ஒவ்வொரு மாற்றத்தையும் அமெரிக்க சமூகத்தில் அவர்கள் நிலையிலேற்பட்ட மாற்றத்தோடு இணைத்துக் காட்டியுள்ளமை இவ்விடத்தில் மனங்கொள்ளத்தக்கது.

ப்ளூஸ் பியானோவுக்கு ஏறிய வரலாறும் உழைப்பின் வரலாறே. தென்மாநிலங்களின் மரம்வெட்டும் முகாம்களிலும் தேவதாருப் பிசின் வடிக்கும் முகாம்களிலும் தொழிலாளருக்கெனச் சாராயக் கொட்டில்கள் இருந்தன. அங்கு ஒரு பழைய பியானோவும் இருக்கும். முகாமுக்கு முகாம் அலையும் பியானோக்காரன், ஒலிபெருக்கி இல்லாத அக்காலத்தில், ஆட்டத்தின் இரைச்சலையும் மீறிக் கேட்கும்படி வாசிக்க வேண்டும். இடக்கை ஒரே கனத்த அடியை இடையறாது திருப்பித் திருப்பி வாசிக்க, வலக்கை அதன்மேல் எதிர்த்தாளமிட்டு விளையாடும் முறை இந்தத் தேவையிலிருந்தே வளர்ந்தது. புகையிரதச் சில்லின் ஒலியை அதிற் கேட்பவர் பலர். பூகி-வூகி எனப் பின்னர் பெயர்பெற்ற வாசிப்பு இதுவே. வெதர்போர்ட்டின் தனித்துறை பூகி-வூகி அன்று. ராக்டைம் வாசிப்பிலிருந்து வளர்ந்த, இடக்கை கீழும் மேலுமாகத் தாவியடிக்கும் பாணி அவருடையது. எனினும் இவையெல்லாம் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். தனியொரு பியானோவை முழு வாத்தியக் குழுவாக்கும் அவ்வலிய இடக்கை ஒரு கூலித் தொழிலின் நிபந்தனையாலே பயிற்றப்பட்ட கை என்பது இவை அனைத்துக்கும் பொதுவானது.

1915 முதல் 1920 வரை, தம் பன்னிரண்டாம் வயதுக்கும் பதினேழாம் வயதுக்கும் இடையில், வெதர்போர்ட் நியூ ஓர்லியன்ஸ் துறைமுக நகரிலே வாழ்ந்து பியானோ பயின்றார். அந்நகரின் கேளிக்கை விடுதிப் பகுதியான ஸ்டோரிவில் 1917இற் கடற்படையினரின் வற்புறுத்தலால் மூடப்பட்டது. இசைஞர் பலர் பிழைப்பை இழந்து வடக்கு நோக்கிப் பெயர்ந்தனர். இளைஞரான வெதர்போர்ட்டும் சிக்காகோ சென்றார்.

3

சிக்காகோவுக்குச் சென்ற ஆற்றிலே இசைஞர் ஒரு சிறு துளியே. முதலாம் உலகப் போர் ஐரோப்பியக் குடிவரவை நிறுத்தியபோது வடபகுதித் தொழிற்சாலைகளுக்குக் கையாள் தேவைப்பட்டது. தெற்கிலிருந்து கறுப்பின மக்கள் பெருந்தொகையாக வடக்கே குடிபெயர்ந்தனர். இறைச்சித் தொழிற்சாலைகளிலும் உருக்காலைகளிலும் வேலை கிடைத்தது. ஆனால் சமத்துவம் கிடைக்கவில்லை. 1919 கோடையில் அந்நகரில் நிகழ்ந்த இனக் கலவரத்தில் 38 பேர் கொல்லப்பட்டனர்; அவர்களுள் 23 பேர் கறுப்பினத்தவர்.

நகரின் தென்பகுதியில் நெருக்கியடிக்கப்பட்ட இம்மக்களின் கையிற் புதிதாகப் புழங்கிய கூலிப் பணமே சிக்காகோ ஜாஸின் பொருளாதாரத் தளமாகும். அங்கிருந்த வெண்டோம் திரையரங்கில், பேசாப் படத்துக்கு இசை வழங்கிய எர்ஸ்கின் டேற்றின் வாத்தியக் குழுவிலே வெதர்போர்ட் பியானோ வாசித்தார். லூயி ஆம்ஸ்ட்ரோங் அதே குழுவில் இருந்தார். 1926 மே மாதத்தில் இக்குழு பதிவுசெய்த இசைத்தட்டில் இருவரையும் ஒருங்கே கேட்கலாம். அதே 1903ஆம் ஆண்டிற் பிறந்த ஏர்ள் ஹைன்ஸ், பின்னர் ஜாஸ் பியானோவின் தந்தை எனப் போற்றப்பட்டவர், இக்காலத்தில் வெதர்போர்ட்டின் வாசிப்பாற் கவரப்பட்டார் என்பது ஜாஸ் வரலாற்றாசிரியர் ஏற்கும் செய்தி.

இசைத்தட்டு வெளிவந்த 1926ஆம் ஆண்டிலேயே வெதர்போர்ட், ஜாக் கார்ட்டரின் குழுவோடு ஆசியாவுக்குக் கப்பலேறினார். ஹைன்ஸ் சிக்காகோவிலே தங்கினார். 1928இல் ஆம்ஸ்ட்ரோங்கோடு சேர்ந்து அவர் பதிவுசெய்த தட்டுகள் ஜாஸ் வரலாற்றின் திருப்புமுனையாக இன்று கொள்ளப்படுகின்றன. தங்கியவர் வரலாற்றினுள் நுழைந்தார். சென்றவர் அதற்கு வெளியே நின்றார். ஆயினும் தங்கியவர் அனைவரும் வாழ்ந்துவிட்டனர் என்று எண்ணலாகாது. 1928 டிசம்பரிற் பூகி-வூகி என்ற பெயரையே பரப்பிய தட்டைப் பதிவுசெய்த பைன்ரொப் ஸ்மித், மூன்று மாதங்களுக்குள் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். அவ்வாசிப்பு முறையின் மூத்த ஆசான்களுள் ஒருவரான ஜிம்மி யான்சி, தம் வாழ்வின் கால் நூற்றாண்டைச் சிக்காகோவின் விளையாட்டரங்கொன்றிலே புற்றரை பேணும் தொழிலாளியாகக் கழித்தார். 1939 வரை அவரை எவரும் பதிவுசெய்யவில்லை. அல்பேர்ட் அமன்ஸ், மீட் லக்ஸ் லூயிஸ் ஆகியோர் வாடகைக் கார் ஓட்டினர். 1927இற் பேசும்படம் வந்தமை திரையரங்கு வாத்தியக் குழுக்களின் வாழ்வை அடியோடு பறித்தது. 1929இன் பொருளாதார வீழ்ச்சி எஞ்சியதையும் விழுங்கியது. இப்பின்னணியில், கடல் கடந்த ஒப்பந்தம் ஒன்றை ஏற்றுக்கொள்வது நாடோடி மனத்தின் விளைவு மட்டுமாகாது.

4

வெதர்போர்ட் சென்றடைந்த ஷாங்காய், சீன மண்ணிலே சீனச் சட்டம் செல்லுபடியாகாத நகரம். சர்வதேசக் குடியிருப்பும் பிரெஞ்சுப் பகுதியும் அந்நியரின் ஆட்சியில் இருந்தன. குடியிருப்பின் காவலில் பஞ்சாபிலிருந்து கொணரப்பட்ட சீக்கியப் பொலிசார் நின்றனர். பருத்தி ஆலைகளிலே சீனப் பெண்களும் சிறுவரும் உழைத்தனர். அந்த ஆலைகளின் இலாபம் இரவில் நடன மண்டபங்களிலே செலவாயிற்று. வெதர்போர்ட் வந்ததற்கு அடுத்த ஆண்டு, 1927 ஏப்ரல் 12இல், சியாங் காய்ஷேக்கின் படையினரும் அவருக்குத் துணைநின்ற கும்பல்களும் அந்நகரின் கம்யூனிஸ்டுகளையும் தொழிற்சங்கத்தினரையும் வேட்டையாடிக் கொன்றனர். நடன மண்டபங்கள் தொடர்ந்து இயங்கின.

அங்கு வெதர்போர்ட் பெரும் புகழ் பெற்றார். ஒரே இரவிற் பல விடுதிகளில் மாறிமாறி வாசித்து ஊதியம் பெற்றவர் அவர். 1933இல் சோவியத் நாட்டுப் பயணத்தை முடித்துக்கொண்டு ஷாங்காய் வந்த கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ், அங்கு அவரைச் சந்தித்ததைத் தம் தன்வரலாற்றிலே குறிப்பிட்டுள்ளார். 1934இல் வெதர்போர்ட் அமெரிக்கா சென்று, பக் கிளேற்றன் என்னும் இளம் ட்ரம்பெட் இசைஞரின் குழுவை ஒப்பந்தம் செய்து, பிரெஞ்சுப் பகுதியிலிருந்த கனிட்ரோம் மண்டபத்துக்கு அழைத்துவந்தார். நாய்ப் பந்தயத் திடலோடு இணைந்த ஆடம்பர மண்டபம் அது. தாய்நாட்டின் உணவகங்களிற் கதவடைக்கப்பட்ட கறுப்பினத்தவர் இங்கு வேலையாட்கள் வைத்து வாழ்ந்தனர். ஆனால் இச்சுதந்திரத்தின் எல்லை விரைவிலே தெரிந்தது. வெள்ளை அமெரிக்கர் ஒருவரோடு ஏற்பட்ட கைகலப்பின் பின்னர் கிளேற்றனின் குழு வேலையிழந்தது. மலிவான மண்டபமொன்றிலே சீன மக்கள் விரும்பிய பாடல்களை வாசித்துப் பிழைத்த பின்னரே அவர்கள் நாடு திரும்பினர்.

இந்த முரண்பாடு முக்கியமானது. அமெரிக்க நிறவெறியிலிருந்து தப்பிய கறுப்புக் கலைஞனுக்குப் புகலளித்தது மற்றொரு மக்களின் அடிமைத்தனத்தின்மேல் எழுப்பப்பட்ட நகரம். ஏகாதிபத்தியம் தான் ஒடுக்கும் ஒரு மக்கட் கூட்டத்தைக் கொண்டே, தான் ஒடுக்கும் இன்னொரு மக்கட் கூட்டத்தின் நடுவிலே தன் களிப்பை அமைத்துக்கொள்கிறது.

5

1930களின் நடுப்பகுதியில் இந்தியத் துறைமுக நகரங்கள் இவ்வழியின் அடுத்த தரிப்பாயின. பம்பாய்த் தாஜ்மகால் விடுதி, வெதர்போர்ட் பிறந்த அதே 1903இல், ஜம்ஷெட்ஜி டாட்டாவினாலே திறக்கப்பட்டது. துணியாலைகளில் வளர்ந்த இந்திய மூலதனம் ஐரோப்பிய ஆளும் வர்க்கத்துக்கு நிகராகத் தன்னை நிறுத்திக்கொண்ட மண்டபம் அது. 1935இல் லியோன் அபேயின் தலைமையில் முழுமையான கறுப்பின ஜாஸ் குழுவொன்று அங்கு வாசித்தது. அடுத்து வந்த கிரிக்கெற் ஸ்மித்தின் குழுவில் வெதர்போர்ட் இடம்பெற்றார். பின்னர் தாமே குழுத் தலைவரானார். 1937இற் பாரிஸ் சென்று, அவ்வாண்டு தொடங்கப்பெற்ற 'ஸ்விங்' இசைத்தட்டு நிறுவனத்துக்காகத் தனிப் பியானோ வாசிப்புகளைப் பதிவுசெய்தார். அவற்றுள் ஒன்றின் பெயர் காற்றாலும் மழையாலும் அடியுண்டு தேய்ந்த ப்ளூஸ் என்னும் பொருள்தருவது. தம் பெயரின் முற்பகுதியையே சிலேடையாக்கி அவர் அமைத்த தலைப்பு அது. பாரிசின் புகழ் அவரைத் தடுத்துவைக்கவில்லை. இந்தியாவுக்கே மீண்டார்.

பம்பாயில் அவரிடம் பயின்றோரும் அவரோடு வாசித்தோரும் பெரும்பாலும் கோவாவைச் சேர்ந்தவர்கள். போர்த்துக்கேயர் ஆட்சியில் தேவாலயப் பள்ளிகளிலே மேலைத்தேய இசைக்குறியீட்டைக் கற்று, நிலமும் தொழிலும் இன்றி, பம்பாய்க்கும் கப்பல்களுக்கும் பிழைப்புத் தேடிச் சென்றவர்கள் அவர்கள். குடியேற்றவாதத்தால் உருவாக்கப்பட்ட ஓர் இசைத் தொழிலாளர் கூட்டம் என அவர்களைக் கூறலாம். அவர்களுக்கு அச்சிட்ட தாளில் இல்லாததொன்று தேவைப்பட்டது. தாளத்தை எங்கே இழுப்பது, எங்கே தளர்த்துவது, வாசிக்கும் கணத்திலேயே புதிதாக எவ்வாறு புனைவது என்பவற்றை அவர்கள் கறுப்பினக் கலைஞர்களிடமே கற்றனர்.

1947இன் பின்னர் ஐரோப்பியர் விலக, விடுதி மேடைகள் சுருங்கின. கோவா இசைஞர் இந்தித் திரைப்பட வாத்தியக் குழுக்களுக்குள் நுழைந்தனர். இந்தியாவின் லூயி ஆம்ஸ்ட்ரோங் எனப் பெயர்பெற்ற சிக் சொக்கலேட், சி. ராமச்சந்திராவோடு இணைந்து 1951இன் 'அல்பேலா' முதலிய படங்களின் இசைக்குப் பங்களித்தார். இந்த ராமச்சந்திராவே 1958இல் வெளிவந்த 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' தமிழ்ப் படத்துக்கும் இசையமைத்தவர். நேசநாட்டுப் படையினருக்காகப் போர்க்காலத்திற் கொழும்பில் அமைக்கப்பட்ட ஒலிபரப்பு நிலையத்தின் சாதனங்களைக் கொண்டு வளர்ந்த இலங்கை வானொலி, 1950களில் இத்திரையிசையைத் துணைக்கண்டம் முழுவதும் பரப்பியது. யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளில் ஒலித்த சினிமாப் பாட்டிற் பல கண்டங்களின் கூலி உழைப்பு கலந்திருந்தது. கேட்டவர் அதை அறியும் வாய்ப்பு இருக்கவில்லை. பண்டம் தன்னை ஆக்கிய உழைப்பை மறைப்பது அதன் இயல்பு.

6

1940களின் தொடக்கத்தில் வெதர்போர்ட் கல்கத்தாவின் சௌரங்கியிலுள்ள கிராண்ட் விடுதியிலே குழுத் தலைவராக அமர்ந்தார். அவரது குழுவிற் கறுப்பின அமெரிக்கரோடு, 1942 மார்ச்சில் யப்பானியரிடம் ரங்கூன் வீழ்ந்த பின்னர் பர்மாவிலிருந்து வந்துசேர்ந்தோரும், ஜோர்ஜ் பாங்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்ட நேபாள ட்ரம்பெட் இசைஞர் புஷ்கர் பகதூரும் இருந்தனர். கொலம்பியா நிறுவனத்துக்காக அவர்கள் கல்கத்தாவிலே பல தட்டுகளைப் பதிவுசெய்தனர். அமெரிக்கப் படையினருக்கான வானொலியிலும் குழு ஒழுங்காக வாசித்தது. வணிகக் கப்பலிற் பணியாற்றி வந்து கல்கத்தாவிலிறங்கிய ஜிம்மி விதர்ஸ்பூன் என்னும் இளைஞன் அக்குழுவோடு ப்ளூஸ் பாடினான். 1949இல் அமெரிக்காவிலே பெரும்புகழ் பெற்ற ப்ளூஸ் பாடகரின் குரல் முதலிற் கவனம் பெற்றது சௌரங்கி வீதியிலேதான்.

இதே ஆண்டுகளில் இந்நகரின் வீதியில் நடந்ததையும் சேர்த்தே இவ்வரலாற்றை எழுத வேண்டும். 1943இன் வங்கப் பஞ்சத்திற் பதினைந்து இலட்சம் பேர் இறந்ததாக அரசின் விசாரணைக் குழுவே கணக்கிட்டது. முப்பது இலட்சம்வரை இறந்ததாகப் பிற்கால ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. அரிசி அறவே இல்லாமற்போனதால் மக்கள் இறக்கவில்லை. போர்ச் செலவு விலையை ஏற்றிவிட, நிலமற்ற கூலியாளும் மீனவரும் அதை வாங்கும் ஆற்றலை இழந்தமையால் இறந்தனர் என்பதை அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட ஆய்விலே நிறுவினார். கல்கத்தாவின் போர்த் தொழிற்சாலைகளுக்கும் படையினருக்கும் உணவு உறுதிசெய்யப்பட்டது. கிராமங்களிலிருந்து வந்தோர் நடைபாதையிலே வீழ்ந்தனர். படையினர் நிறைந்த கிராண்ட் விடுதியிற் களியாட்டம் நடந்தது.

அதே நகரம் இன்னொரு மேடையையும் கண்டது. 1943இல் உருவான இந்திய மக்கள் நாடக மன்றம், பிஜோன் பட்டாச்சார்யாவின் 'நபான்ன' நாடகத்தை 1944இற் கல்கத்தாவில் அரங்கேற்றியது. பஞ்சத்தால் ஊர்விட்டு ஓடிவந்த விவசாயிகளே அதன் பாத்திரங்கள். ஒரே நகரில், ஒரே காலத்தில், இரண்டு மேடைகள். ஒன்று மக்களின் அழிவைக் கலையாக்கியது; மற்றையது அவ்வழிவைக் கேளாதபடி வாசித்தது. இவ்வாறு நிறுத்திப் பார்த்து வெதர்போர்ட்டைக் கண்டிப்பது எளிது. ஆனால் அது வர்க்க ஆய்வாகாது, அறவுரையாகவே முடியும். கிராண்ட் விடுதியின் பியானோவுக்கு முன் அமர்ந்திருந்தவர் மண்டபத்தின் உரிமையாளரல்லர். அவரை அங்கு அமர்த்திய சக்திகளே அரிசியையும் நகர்த்தின. மக்கள் நாடகக் கலைஞரிடம் ஓர் இயக்கம் இருந்தது. ஒப்பந்தக் கலைஞரிடம் ஓர் ஒப்பந்தமே இருந்தது. கலைஞனின் சமூகப் பிரக்ஞை தனியொருவரின் நல்லுள்ளத்திலிருந்து மட்டும் பிறப்பதன்று. அதைத் தாங்கும் அமைப்பு வேண்டும்.

அம்மண்டபத்திலும் நிறக்கோடு மறையவில்லை. அசாமின் லெடோவிலிருந்து பர்மாவினூடாகச் சீனாவுக்கு அமைக்கப்பட்ட போர்ப் பாதையிலே பணியாற்றிய ஏறத்தாழ 15,000 அமெரிக்கப் படையினரிற் பத்தில் ஆறு பங்கினர் கறுப்பினத்தவர். அவர்களோடு பல்லாயிரம் இந்தியக் கூலிகளும் உழைத்தனர். பாசிசத்தை எதிர்த்துப் போரிட்ட அமெரிக்கப் படையே நிறத்தாற் பிரிக்கப்பட்டிருந்தது. 1948இல் ஜனாதிபதி ட்ரூமன் பிறப்பித்த ஆணையின் பின்னரே அப்பிரிவினை சட்டப்படி முடிவுக்கு வந்தது. விடுதி மேடையிற் கைதட்டப்பட்ட அதே நிறம் படைமுகாமிலே வேறு வரிசையில் நிறுத்தப்பட்டது.

1945 ஏப்ரல் 25இல் வெதர்போர்ட் வாந்திபேதியால் இறந்தார். வயது 41. ஐரோப்பாவிலே போர் முடிய இன்னும் இரண்டு வாரங்கள் இருந்தன. வாந்திபேதிக் கிருமியை ரொபேர்ட் கொக் இதே கல்கத்தாவில் ஆராய்ந்து இனங்கண்டது 1884இல். நோயின் காரணம் அறியப்பட்டு 61 ஆண்டுகள் கழிந்த பின்னரும் அந்நோய் அந்நகரிலே மனிதரைக் கொன்றுகொண்டிருந்தது. அறிவின் குறைவு அதற்குக் காரணமன்று. நல்ல நீரும் கழிவு வடிகாலும் யாருக்கு, எவ்விடத்தில் அமைக்கப்படும் என்பது ஓர் ஆட்சியின் வர்க்கத் தெரிவு. அந்தத் தெரிவினால் ஆண்டாண்டாக இறந்த பெயரறியா வங்காளியரோடு, புகழ்பெற்ற இசைஞரும் ஒருவராகச் சேர்ந்தார்.

7

வெதர்போர்ட் ஏன் மறக்கப்பட்டார்? 1938 டிசம்பர் 23இல் நியூயோர்க்கின் கார்னகி மண்டபத்தில் நிகழ்ந்த கச்சேரி இதற்கு ஓரளவு விடை தருகிறது. இடதுசாரி ஏடான 'நியூ மாசஸ்' அதற்கு ஆதரவளித்தது. கறுப்பின மக்களின் ஆன்மிகப் பாடல் முதல் ஸ்விங் வரையிலான இசை அங்கு ஒரே மேடையில் முன்வைக்கப்பட்டது. வாடகைக் கார் ஓட்டிய அமன்சும் லூயிசும் அந்த இரவோடு உலகப் புகழ் பெற்றனர். பூகி-வூகி நாடெங்கும் பரவியது. ஷாங்காய்க்கு வெதர்போர்ட் அழைத்துச்சென்ற பக் கிளேற்றன், கவுண்ட் பேசியின் குழுவில் அந்த மேடையிலே நின்றார். வெதர்போர்ட் அப்போது ஆசியாவில். நியூயோர்க், சிக்காகோ ஆகிய நகரங்களின் இசைத்தட்டு நிறுவனங்களும் ஏடுகளும் விமரிசகரும் எங்கே இருந்தனரோ, அங்கே ஜாஸின் வரலாறு எழுதப்பட்டது. கல்கத்தாவிலே பதிவுசெய்யப்பட்ட தட்டு அவ்வரலாற்றுக்கு வெளியே சுழன்றது. ஏடறிந்த இலக்கியம் வாய்மொழி இலக்கியத்தை மறைத்ததுபோல, பதிவின் மையம் பதிவின் விளிம்பை மறைத்தது.

மார்க்சிய விமரிசகரிடையேயும் ஜாஸ் பற்றி ஒருமித்த கருத்து இருந்ததில்லை. தியடோர் அடோர்னோ 1936இல் எழுதிய கட்டுரையிலே ஜாஸைப் பண்பாட்டுப் பண்டமாக மட்டுமே கண்டார். அதன் சுதந்திரம் போலிச் சுதந்திரம் என்பது அவர் கருத்து. வரலாற்றாசிரியர் எரிக் ஹொப்ஸ்போம், பிரான்சிஸ் நியூட்டன் என்ற புனைபெயரில் 1959இல் வெளியிட்ட நூலில், தொழிலாளரும் ஏழைகளும் உருவாக்கி, வணிகத்தின் நடுவிலும் தன் எதிர்ப்புணர்வை இழக்காத கலையாக அதனை நோக்கினார். வெதர்போர்ட்டின் வாழ்க்கையை வைத்துப் பார்த்தால் அடோர்னோ கண்ட பண்டமும் மெய். ஹொப்ஸ்போம் கண்ட கலையும் மெய். விடுதி உரிமையாளர் விலைகொடுத்து வாங்கியது களியாட்டத்தை. கோவாவின் ஏழை இசைஞரும் பர்மிய அகதியும் நேபாள இளைஞரும் அதே வாசிப்பிலிருந்து விலையின்றிப் பெற்றுக்கொண்டது ஒரு கலையை. வாங்கியவரின் உலகம் 1947இல் முடிந்தது. பெற்றுக்கொண்டவரின் கைகளில் அக்கலை தொடர்ந்தது. கலை எவருக்காக ஆக்கப்பட்டது என்பதோடு, எவரெவர் கைக்குச் சென்றது என்பதையும் ஆய்வாளன் தேட வேண்டும் என்பதற்கு இது தக்க சான்று.

8

இவ்வாய்வு நமக்கு எவ்வகையிற் பொருந்தும்? அமெரிக்காவின் நிறவொடுக்குமுறையும் யாழ்ப்பாணத்தின் சாதியமைப்பும் ஒன்றல்ல. எனினும் ஒடுக்கப்பட்டவனின் கலை இன்றியமையாததாகவும், ஒடுக்கப்பட்டவன் தீண்டத்தகாதவனாகவும் ஒரே சமூகத்திலே இருக்க முடியும் என்னும் முரண்பாட்டை நாமும் அறிவோம். பறை இன்றிச் சாவீட்டுக் கிரியை நிறைவேறாத சமூகம், பறையடித்தவனை வேலிக்கு வெளியே நிறுத்தியது. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இல் வந்த பின்னரும், 1968இல் மாவிட்டபுரம் ஆலயத்தின் வாயிலில் ஒடுக்கப்பட்ட மக்கள் உள்நுழைவுக்காகப் போராட வேண்டியிருந்தது.

பியானோவின் இடத்தில் நம்மிடையே இருந்தது ஆர்மோனியம். ஐரோப்பாவிலிருந்து வந்து, இசைநாடகக் கொட்டகைகளிற் புகுந்து, ஒலிபெருக்கி வருமுன்னரே இரவிரவாக நாடகத்தைத் தாங்கிய வாத்தியம் அது. அகில இந்திய வானொலி இந்திய இசைக்கு ஒவ்வாததென்று 1940இல் அதனைத் தடைசெய்து, 1971 வரை விலக்கிவைத்தது. கல்கத்தாவிலே வெதர்போர்ட்டின் பியானோ வானொலியில் ஒலித்த ஆண்டுகளில், கூத்துக் கொட்டகை ஏழைகளின் ஆர்மோனியத்துக்கு வானலையில் இடமில்லை. தூய்மை பற்றிய தீர்ப்புகள் எவரை வெளியே நிறுத்துகின்றன என்பதைக் கேட்காமல் இசை வரலாறு எழுத முடியாது.

நடிகமணி வி. வி. வைரமுத்துவின் மயான காண்டத்தை நாம் போற்றுகிறோம், போற்றுவது முறையே. அத்தகைய நாடகங்களுக்கு ஊரூராகச் சென்று ஆர்மோனியமும் மத்தளமும் வாசித்தோர், திருவிழாக்களுக்கு நாதஸ்வரமும் தவிலும் வாசித்தோர், அம்பா பாடியோர் ஆகியோரின் வாழ்க்கைகளும் அதே கவனத்தோடு தொகுக்கப்பட வேண்டும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. 1995இன் பெரும் இடப்பெயர்வில் வீடுகளிலிருந்த துண்டுப்பிரசுரங்களும் ஒளிப்படங்களும் கைப்பிரதிகளும் அழிந்தன. போர்க்காலத்தில் முதியோர் பலர் மறைந்தனர். எழுத்துச் சான்று இவ்வாறு மெலிந்துவிட்ட நிலத்தில் எஞ்சியிருப்பது மனித ஞாபகமே. அதுவும் ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வருகிறது.

ஆதலின், பல்கலைக்கழக மாணவர் கிராமங்களுக்குச் சென்று வயோதிபக் கலைஞர்களிடம் செவ்வி காணும்போது, கற்ற ராகங்களையும் ஆடிய பாத்திரங்களையும் கேட்பதோடு அமையலாகாது. யார் அழைத்தார்கள், எவ்வளவு கொடுத்தார்கள், வாசித்து முடிந்த பின் எங்கே இருத்திச் சோறு போட்டார்கள் என்னும் மூன்று வினாக்களையும் தவறாது கேட்க வேண்டும். ஒரு கலைஞனின் பாணியை விளக்க அவனது விரல்களைப் பார்த்தாற் போதும். அவனது வரலாற்றை எழுதுவதற்கு அம்மூன்றுக்குமான விடைகள் வேண்டும்.